இடப்பக்கம் நின்ற என்னைத் தேடினார்

போன தை மாதம், மரக்காணத்தில் எங்கள் உப்பளத்தில் நடந்தது இது. அதற்கு முந்தைய மழைக்காலத்தில்தான் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் வலது பாதியில் அடைப்பு. ஏதோ புண்ணியம், நடை திரும்பிவிட்டது. இடது கையில்தான் கொஞ்சம் பலவீனம். ஆனால் வீட்டுக்கு வந்தவர் பழைய ஆளாக இல்லை.

இனி இடது பக்கம் அவருக்குக் கவனம் இருக்காது என்று டாக்டர் சொன்னார். கை காலைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். தட்டில் வலது பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு, மீன் வைக்கவில்லையா என்று எரிந்து விழுவார். மீன் இடது ஓரத்தில் முழுசாகக் கிடக்கும். சவரம் பாதி முகத்தில்தான். கேட்டால் தனக்கு ஒன்றுமே இல்லை என்று சாதிப்பார். கல்யாணமானதிலிருந்து சாப்பிடும்போதும் படுக்கும்போதும் நான் அவருக்கு இடப்பக்கம்தான். நோய் வந்த பிறகு, நான் என்ன பேசினாலும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். என்ன திமிர் என்று பற்றிக்கொண்டு வரும். இந்த வயதில் நான் கசந்துவிட்டேனா என்று தனியாக அழுதும் இருக்கிறேன்.

முதல் உப்பு வாருவதற்கு முன், பாத்தி ஓரம் படையல் வைத்து, புருஷனும் பெண்டாட்டியுமாக நின்று சூடம் காட்டுவது எங்கள் வழக்கம். அன்றும் புதுப்புடவை கட்டி அவருக்கு இடப்பக்கம் நின்றேன். தேங்காய் உடைத்தாயிற்று. வேலையாட்கள் காத்திருக்கிறார்கள். இவரோ சூடத்தட்டை வலது கையில் பிடித்தபடி சும்மா நிற்கிறார். வெயில் ஏறுகிறதே, கொளுத்தட்டுமா என்று கொழுந்தனார் கேட்டார்.

"இருப்பா, உங்க அண்ணி வரட்டும். அவ இல்லாம என்னைக்கு ஏத்தியிருக்கேன்?" என்றார்.

என் முந்தானை அவர் இடது கையில் உரசிக்கொண்டிருந்தது. என்னை அலட்சியம் பண்ணுகிறார் என்று நினைத்தேனே, அந்த மனுஷன் என்னைக் காணாமல் தேடிக்கொண்டு இருந்திருக்கிறார். டாக்டர் சொன்ன அந்த இடது பக்கத்தில் நானும் இருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது.

சுற்றி வந்து வலப்பக்கம் நின்றேன். பெண்டாட்டி இடப்பக்கம்தானே நிற்கணும் என்று கொழுந்தனார் முணுமுணுத்தார். சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது, சும்மா இருப்பா என்று அடக்கினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கடி போயிட்ட இவ்ளோ நேரம்?"

"இங்கதான் இருந்தேன்" என்றேன். அவரோடு சேர்ந்து சூடத்தட்டைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது சோறு பாதியானதும் தட்டைத் திருப்பி வைக்கிறேன். டாக்டர் சொன்னபடி, தினமும் இடப்பக்கம் நின்று கூப்பிட்டும் பார்க்கிறேன்; சில நாள் மெல்லத் தலை திரும்புகிறது. யாராவது என்னைக் கண்டுகொள்ளவில்லை என்று கோபம் வரும்போதெல்லாம், அவர்களுக்குத் தெரிகிற பக்கமாக நான் போய் நின்றேனா என்றுதான் முதலில் என்னைக் கேட்டுக்கொள்கிறேன்.