கிளைமாக்ஸுக்கு முன்பே எழுந்த ஊர்

போன ஞாயிறு, மதியக் காட்சி. காரைக்குடித் தியேட்டர் ஒன்றில் கிளைமாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. புகையால் ஆன ஒரு படை கதாநாயகனைச் சுற்றி வளைக்கிறது. அந்த நேரம் பார்த்து, முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை ஓர் ஊரே எழுந்தது. வேட்டியையும் சேலையையும் உதறிக்கொண்டு, திரையைத் திரும்பியும் பார்க்காமல் வெளியே நடந்தது.

படம் அவ்வளவு மோசமா? அதுதான் இல்லை.

கோவிலூர் தாண்டி ஒரு கிராமம். அங்கே கண்மாய்க்கரையில் மடைக்காத்தார் என்ற வீரருக்குக் கோயில் இருக்கிறது. கண்மாயை உடைக்க வந்த கொள்ளைக் கூட்டத்தை மடையில் தனியாளாக நின்று தடுத்தவர். அவர் கதையைத்தான் ஓர் இளம் இயக்குநர் படமாக்கியிருக்கிறார். சரவணன் என்று வைத்துக்கொள்வோம். அம்மா பிறந்த ஊர் அது. இவர் வளர்ந்ததெல்லாம் சென்னை. படத்தில் கண்மாய் வானத்தில் மிதக்கிறது. கொள்ளைக்காரர்கள் புகையாக வருகிறார்கள். குதிரைக்கு இறக்கை இருக்கிறது.

வெள்ளிக்கிழமை முதல் காட்சியிலேயே பார்த்துவிட்டேன். என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே — எதற்கும் ஆண்டு கேட்கிற ஆள். மிதக்கும் கண்மாயைக்கூட ஒப்புக்கொண்டேன். மாயாஜாலத்துக்குக் காலம் ஏது? ஆனால் வீரர் வீட்டு முற்றத்தில் மிளகாய் வற்றல் காய்கிறதே! மிளகாய் இந்த நாட்டுக்குக் கப்பலில் வருவதற்கு முந்தைய ஆள் அவர். போதாததற்கு அந்த வீடு, நெற்குப்பை ஊரில் பர்மா தேக்குத் தூண்களோடு நிற்கும் நூறு வருஷத்து மாளிகை. எல்லாவற்றுக்கும் மேலாக... படத்தில் அவர் சாகவில்லை. கோயில் பக்கத்து நடுகல்லில் அவர் ‘பட்டார்’, அதாவது சண்டையில் இறந்தார், என்று தெளிவாக வெட்டியிருக்கிறது. வந்த கோபத்தில் இந்த வாரப் பத்தியைப் பாதி எழுதிவிட்டேன்.

அதற்குள் சரவணனிடமிருந்து போன். ஊர்க்காரர்களை வேன் வைத்து ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு அழைத்து வருகிறாராம். என்னையும் கூப்பிடச் சொன்னார்களாம்.

“படம் ஓடுறது, ஓடாததெல்லாம் அப்புறம் சார். இவங்க ஒத்துக்கலைன்னா, மாசித் திருவிழாவுக்கு நான் எந்த முகத்தோட அந்த ஊருக்குப் போறது?” என்றார்.

போனேன். ஊர் எழுந்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம். மாசித் திருவிழாவில் பூசாரி கதை சொல்வார். கொள்ளைக் கூட்டம் வளைத்துக்கொள்ளும் இடம் வந்ததும், ‘நின்னாரு... நிக்கிறாரு’ என்று முடித்துவிடுவார். கூட்டம் எழுந்து, உடையை உதறி, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போகும். அதற்கு மேல் நடந்ததை அந்த ஊரில் யாரும் வாயால் சொல்வதில்லை. காதால் கேட்பதும் இல்லை. இது தெரியாமல், போன திருவிழாவில் மைக்கைப் பிடித்து நடுகல்லைப் படித்துக்காட்டி மொத்தக் கூட்டத்தையும் கலைத்த பெருமை எனக்கு உண்டு.

படத்தில்தான் சாவே இல்லையே, இங்கே எதற்கு எழப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். படத்தில் சாவு இல்லை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

வெளியே ஓடினேன். சரவணன் சுவரோரம் வெளிறிப்போய் நின்றார். மேனேஜர், ஏசி வேலை செய்யவில்லையா என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு முன்னால் பஞ்சவர்ணம் — அந்த ஊர் வார்டு மெம்பர். படத்தில் மடைக்காத்தார் சாகவில்லை, தயவுசெய்து உள்ளே வாருங்கள் என்றேன். இரண்டு நாள் முன்னால் எதைத் திட்டி எழுதினேனோ, அதற்கே கைகூப்பி ஆள் சேர்க்கிறேன்!

“போன திருவிழாவுல மைக்கப் பிடிச்சு ஒன்னு சொன்னீக. இப்ப வேற ஒன்னு சொல்றீக. எதய நம்புறது?” என்றார் பஞ்சவர்ணம்.

“ரெண்டுக்கும் கல்லு வச்சிருப்பாரு” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் அசையவில்லை. எழுந்த பிறகு திரும்பக் கூடாதே!

பஞ்சவர்ணம் சரவணனிடம் திரும்பினார். “ஒங்கம்மா ஒனக்கு இந்தக் கதையச் சொல்லியிருக்காளா தம்பி?”

“சொல்லும் அத்தை. ‘நின்னாரு, நிக்கிறாரு’ன்னு சொல்லிட்டு லைட்டை அணைச்சிரும். அப்புறம் என்னாச்சுன்னு அழுது கேட்டாலும் சொல்லாது. அதுக்குத் தூக்கம் வந்திருச்சுன்னு நினைச்சுக்குவேன்.”

“அதுக்குப் பெறகு நீயா என்னத்த எடுத்து வச்சிருக்க?”

“ஒன்னும் எடுக்கல அத்தை. நிக்கிறாருன்னு அம்மா சொல்லுச்சு. நிக்க வச்சிருக்கேன்.”

பஞ்சவர்ணம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“நான் மொதல்ல போறேன். இவன் சொல்றது பொய்யா இருந்தா, சாமி என்னயக் கேக்கட்டும்.”

படம் அதற்குள் முடிந்திருந்தது. மேனேஜர் நல்ல மனிதர். அடுத்த காட்சிக்கு நேரம் இருந்ததால் கடைசிப் பகுதியை மட்டும் மறுபடி ஓட்டச் சொன்னார். பஞ்சவர்ணம் முன்னால் போக, ஊர் பின்னால் போனது.

புகை வளைத்தது. திரை இருண்டது. யாரோ கண்ணைப் பொத்திக்கொண்டது தெரிந்தது. பிறகு மெல்ல விடிந்தது. கண்மாய் நிறையத் தண்ணீர். மடையில் அவர் நின்றுகொண்டிருந்தார். வசனம் இல்லை. அவ்வளவுதான் படம்.

ஒருவரும் கை தட்டவில்லை. எழுந்தார்கள். உடையை உதறினார்கள். திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள்.

“பிடிக்கலையா சார்?” என்று கேட்டார் சரவணன்.

கதை சரியாக முடிந்தால் இவர்கள் இப்படித்தான் போவார்கள் என்றேன்.

பழைய வீரர்களைப் பிடித்து கிராபிக்ஸில் முக்கி எடுக்கிறார்கள் என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். நானும்தான். ஆனால் பாருங்கள், கண்மாய் வானத்தில் மிதப்பதை அந்த ஊரில் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. தங்கள் ஆள் நிற்கிறாரா என்பது ஒன்றைத்தான் பார்த்தார்கள். எவ்வளவு பெரிய கற்பனையையும் தாங்கிக்கொள்வார்கள் போலிருக்கிறது — எதைத் தொடக் கூடாது என்று எடுப்பவருக்குத் தெரிந்திருந்தால். இவருக்கோ, தெரியாமலே தெரிந்திருக்கிறது!

வேன் கிளம்பும்போது பஞ்சவர்ணம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

“மாசிக்கு வந்துரு தம்பி. ஒங்கம்மாளையும் கூட்டிட்டு வா. குதிரைக்கு றெக்கை வச்சத மட்டும் பூசாரிகிட்ட நீயே பேசிக்க.”

வீட்டுக்கு வந்ததும் பாதி எழுதிய பத்தியைக் கிழித்துப் போட்டேன். மிளகாய் வற்றலையும் மன்னித்தாயிற்று.

பர்மா தேக்கு... அதுதான் இன்னும் முடியவில்லை.