ரேடியேட்டரில் உடைத்த தேங்காய்

தாய்நாடு திரும்பிய ஒரு துரையிடம் நான் வாங்கிய கார், அவரைப் போலவே மேட்டைக் கண்டால் கொதிக்கும். ஆனால் அன்று யட்டவத்தை தாண்டி இறக்கத்திலேயே கொதித்தது. இறக்கத்தில் கார் கொதித்தால் அது கோபம் அல்ல; உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம்.

நிற்க நேரமில்லை. என் மனைவியின் தம்பி, தேயிலைத் தோட்டத்துச் சேவல் சண்டையில் சேவல்களை விட்டுவிட்டுப் பெரிய கங்காணி மகனின் முன்பல்லைப் பெயர்த்திருந்தான். மாத்தளைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் உயிர் மிஞ்சும். பாதையோடு நாங்கள் வளைந்து வளைந்து இறங்க, பல்லுக்கு உரியவனும் மூன்று பேரும் தேயிலைக்குள் நேராக இறங்கிக்கொண்டிருந்தார்கள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகள் வெயிலில் மின்னின. வேறு வழியில்லாமல் காரை நிறுத்தி இறங்கினேன்.

"மூடியத் தொறந்து தண்ணி ஊத்துங்க மச்சான், வந்துருவானுங்க!"

"தொட்டா மூஞ்சி வெந்துரும். எட்டி நில்லு."

ரப்பர் குழாயைத் தடவினேன், காய்ந்திருந்தது. பம்பின் அடியிலும் ஈரமில்லை. ரேடியேட்டரின் முகத்தில்தான் தகடுகளுக்கு நடுவே ஆவி சீறியது. குறட்டால் நோண்டினால் ஒரு சிரட்டைச் சில்லு வந்தது. ஆயுத பூஜையன்று மச்சான் காரின் மூக்கிலேயே ஓங்கி அடித்த தேங்காய். உள்ளே இருந்த மெல்லிய குழாயைக் குத்திய சில்லே இத்தனை நாள் அடைப்பாகவும் இருந்து, இன்று அசைந்துவிட்டிருக்கிறது.

"சாமிக்கு ஒடைக்க கல்லு கெடைக்கலியாடா?"

"கல்லுல எல்லாருந்தான் ஒடைக்கிறாங்க."

அந்தக் குழாயை ஓட்டைக்கு மேலும் கீழும் குறட்டால் நசுக்கி, என் கடையில் விற்க வாங்கிய சவுக்காரச் சோப்பைப் பிசைந்து அப்பிக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தவர்களின் முதல் கம்படி விழுந்தது. மச்சானின் கை முறிந்த சத்தம், காய்ந்த சுள்ளி ஒடிவது போலக் கேட்டது. விழுந்தவனை உதைத்தார்கள். எழுந்தவன் ஒருவனுடைய காதைக் கடித்தான். ஒரு கத்தி காரின் துணிக் கூரையைக் கிழித்தது. மிச்சம் மீதியில் ஓர் அடி என் தலைக்கும் கிடைத்தது. வீரக் கதைகள் நிறையப் படித்தவன் நான்; போர்க்களத்தில் சவுக்காரத்தோடு நிற்கிற வீரனை எதிலும் கண்டதில்லை.

"இதப் புடுங்கிட்டா வண்டி எங்கடா போவும்?" என்று ரேடியேட்டர் மூடியைப் பிடித்தான் கங்காணி மகன்.

"தொடாதீங்க!" என்று கத்தினேன். எதிரி சொல்வதை யார் கேட்பார்கள்? திருகினான். கொதிநீர் பீறிட்டு அவன் முகத்தில் அடித்தது. அவன் போட்ட அலறலில் மச்சானை உதைத்த கால்கள் அப்படியே நின்றன.

"ஐயோ, கண்ணு போச்சே! ஐயா, ஆஸ்பத்திரிக்கு வண்டிய எடுங்கய்யா!" என்று கெஞ்சினான்.

"என் மச்சானும் வருவான்."

"யாரு வேணா வரட்டும், எடுங்கய்யா!"

மற்ற மூவரும் கத்திகளைப் போட்டுவிட்டு, பக்கத்தில் மலைநீர் கொட்டும் பீலியில் என் எண்ணெய் டின்னைப் பிடித்துத் தண்ணீர் சுமந்தார்கள். எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். பின் சீட்டில் வெந்த முகமும் முறிந்த கையும் பக்கத்தில் பக்கத்தில்.

மாத்தளை வரை சவுக்காரம் தாங்கியது. பின் சீட்டுச் சமாதானம் தாங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இருவரும் கட்டிப் புரண்டுகொண்டேதான் இறங்கினார்கள்.

"யாரை முதல்ல பாக்கணும்?" என்றார் டாக்டர்.

இருவரும் என்னைக் காட்டினார்கள். குனிந்து பார்த்தேன், என் தலையிலிருந்து வழிந்த ரத்தத்தில் சட்டை இடுப்புவரை நனைந்திருந்தது. ஒழுக்கு எங்கே என்று கண்டுபிடிப்பதில் நான் அவ்வளவு கெட்டிக்காரன்.