திறந்து கிடந்த அலமாரி

மண்ணூர்பேட்டையிலிருந்து தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்கு நடந்தே வேலைக்குப் போன காலம் அது. பித்தளைத் துண்டுகளின் ஓரத்துப் பிசிறை அரத்தால் தேய்த்து எடுப்பதுதான் எங்கள் வேலை. பெண்கள் மட்டும்தான் அந்தக் கொட்டகையில். என் கை பட்ட துண்டு சரியில்லை என்று திரும்பி வந்ததே இல்லை.

புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். வந்ததும் அரம் வைக்கும் அலமாரியின் பூட்டைக் கழற்றச் சொன்னார். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், யாரையும் கேட்க வேண்டாம் என்றார். நல்ல பேச்சுதான்.

பக்கத்து மேஜைக்காரி காதருகில் வந்தாள். "சும்மாவா தொறந்து வச்சிக்கிறான்? ஒண்ணு கொறஞ்சா நம்ம முந்தானையத்தான் உதறுவான், யக்கா."

அவள் சொன்னது பொய்யில்லை. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊர்ப் பண்ணையார் களத்தில் ஒரு அரிவாள் காணாமல் போனதற்கு, என் அம்மாவை ஊர் பார்க்க நிறுத்திப் புடவையை உதறச் சொன்னார்கள். அரிவாள் வைக்கோலுக்குள் கிடந்தது. அதற்காக யாரும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆகவே அந்த அலமாரிப் பக்கம் ஒருத்தியும் போகவில்லை. மழுங்கிய அரத்தையே வைத்துத் தேய்த்தோம். துண்டுகள் பிசிறோடு போயின, போனவை திரும்பி வந்தன. இப்படியே போனால் பெண்களை வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று கொட்டகை மேஸ்திரி சொல்லிவிட்டார். வேலை போனாலும் போகட்டும், வேலை தெரியாதவள் என்ற பேரோடு போகமாட்டேன் என்று நான் மேனேஜர் அறைக்குப் போனேன்.

திறந்த அலமாரியை நாங்கள் ஏன் தொடவில்லை என்று அவருக்கு விளங்கவில்லை. "பூட்டு இல்லன்னா உங்கள நம்புறேன்னு அர்த்தம்மா" என்றார்.

"நம்புறது உங்க மனசுல கீது சார். எங்க கண்ணுக்கு அது தெரியுமா? பூட்டு போடுங்க. சாவிய எங்க கையில குடுங்க. காலைல எண்ணி எடுத்து, சாயங்காலம் எண்ணி வச்சிர்றோம்."

தொறந்த பொட்டிக்குப் பூட்டு கேட்கிற பொம்பளையை இப்பத்தான் பார்க்கிறேன் என்று பக்கத்தில் நின்ற மேஸ்திரி சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. மறுநாள் அலமாரிச் சாவி என் முந்தானை முடிச்சில் இருந்தது. கூர்மையான அரம் கைக்கு வந்தது. பிசிறு நின்றது. யாரையும் நிறுத்தவில்லை.

ஆனாலும் அவரிடம் இன்னொரு சாவி இருக்கும் என்றே நினைத்தேன். வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு துடைப்பக் குச்சியை ஒடித்து, அலமாரியைத் திறந்தால் விழும்படி கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவேன். காலையில் முதலில் அதைத்தான் பார்ப்பேன். ஒருநாளும் அது விழுந்து கிடந்ததில்லை. அந்த வேலையில் இருந்தவரை நானும் குச்சி செருகுவதை விடவில்லை.