லலிதா அக்காவின் இடது கால்

இந்த வாரப் பத்தியை நின்றுகொண்டே எழுதுகிறேன்.

முதுகு அப்படி! ஞாயிற்றுக்கிழமை பெரும்பகுதி நேரம் ஒரு காருக்கு அடியில், சிமென்ட் தரையில் சாக்கை விரித்துப் படுத்துக் கிடந்தேன். "நம்ம காருக்குக் கீழ படுத்தது போதாதுன்னு அடுத்த வீட்டுக் காருக்கும் போய்ப் படுக்கணுமா?" என்று கேட்டபடியே என் மனைவி தைலம் தேய்த்துவிட்டாள். பாதியில் அவள் கை நின்றுவிட்டது. அது யார் வீட்டுக் கார் என்று அவளுக்கும் தெரியுமே.

என் காரைப் பற்றி உங்களிடம் எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறேன். அடுத்த வீட்டுக் காரும் அதே மாடல்தான். அதே வயதுதான். எந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்காதீர்கள்... இரண்டும் சேர்ந்து கோபித்துக்கொண்டால் என்னால் தாங்க முடியாது. எங்கள் சேலையூர் காலனியில் ஒரே காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன. என்னுடையது சாம்பல் நிறம். ராஜகோபால் சாருடையது வெளிர் பச்சை.

இப்போது வருகிற சின்னக் கார்களில் கிளட்ச்சுக்கு ஒரு கேபிள் இருக்கிறது. எங்கள் கார்களில் கேபிள் கிடையாது. எண்ணெய்தான், பிரேக்குக்கு ஊற்றுவார்களே அதே எண்ணெய். பெடலை மிதித்தால் மேலே இருக்கும் ஒரு சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும். அது குழாய் வழியாக இறங்கி, கியர் பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் இன்னொரு குட்டி சிலிண்டரைத் தள்ளும். நடுவில் கொஞ்சம் காற்று புகுந்தாலும் போச்சு! பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். கியர் விழாது. வண்டி கர்ர்ர் என்று திட்டும்.

அந்தக் காற்றை வெளியேற்றுவதற்கு 'ஏர் எடுப்பது' என்று பெயர். வீட்டிலேயே செய்யலாம். ஆனால் தனி ஆளாகச் செய்ய முடியாது. ஒருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்துக்கொண்டு அந்தக் குட்டி சிலிண்டரின் நிப்பிளை, அதாவது காற்று வெளியேறும் சின்னத் திருகை, திறந்து மூட வேண்டும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. குரல் மட்டும்தான்.

அடுத்த வீட்டில் அந்த இரண்டு குரல்களும் ராஜகோபால் சாருடையதும் லலிதா அக்காவுடையதும். சார் யாரையும் தன் வண்டியைத் தொட விடமாட்டார். மெக்கானிக் ஷெட் பக்கமே போக மாட்டார். ஞாயிறு காலையில் காலனி முழுக்க டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும்போது இவர்கள் கச்சேரி ஆரம்பமாகும்.

"அமுத்து... அமுத்து... ம், புடிச்சுக்கோ."

"புடிச்சிருக்கேங்க."

"விடு."

"விட்டாச்சுங்க."

அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. ஆனால் டிரைவர் சீட்டில் அவர் உட்கார்ந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் டெல்லி வரை போய் வந்திருக்கலாம். என்ன, வண்டி நின்ற இடத்திலேயே நின்றிருக்கும்! "மத்த வீட்ல ஞாயித்துக்கிழமையானா சண்டை கேக்குது. இங்க பாருங்க, எப்படிக் குடித்தனம் பண்றாங்கன்னு" என்று என் மனைவி எனக்கு இடித்துக் காட்டுவாள். அவளை ஒரு தடவை என் காரில் பெடல் மிதிக்கச் சொல்லி, அது எப்படி முடிந்தது என்பதை முன்பே எழுதியிருக்கிறேன். விட்டுவிடுவோம்.

பங்குனியில் ஒரு நாள், ஆபீஸ் கிளம்ப ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த ராஜகோபால் சார் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அக்கா டிபன் பாக்ஸோடு வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒரு ஷூவின் கயிறு கட்டியிருந்தது. இன்னொன்று கட்டவில்லை. அதை நானும் பார்த்தேன். மறக்க முடியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, நாக்பூரிலிருந்து வந்த மகளும் திரும்பிப் போன பிறகு ஒரு விஷயத்தைக் கவனித்தேன். ஒவ்வொரு ஞாயிறும் அக்கா கார் ஷெட்டைத் திறப்பார். சீட்டைத் தட்டுவார். பானெட்டைத் தூக்குவார். கிளட்ச் எண்ணெய் டப்பாவின் மூடியைத் திருகி உள்ளே பார்ப்பார். குறைந்திருந்தால் ஊற்றுவார்.

"அவர் பாப்பார் தம்பி. அதான்" என்றார் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

"நல்லதுக்கா" என்றேன்.

துக்கத்தில் இருப்பவர்கள் ஏதாவது ஒரு சின்ன வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? என் பெரியம்மா, பெரியப்பா போன பிறகும் அவர் வெற்றிலைப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அக்காவுக்கு இந்த எண்ணெய் டப்பா.

போன மாதம் அக்கா ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மகளோடு போய் இருப்பதென்று. காரை விலைக்குக் கேட்டு வந்தவர் கேளம்பாக்கத்துக்காரர். உரக்கடை வைத்திருக்கிறார். பெயர் தேவராஜ். நல்ல மனிதர். பேட்டரியைக்கூட முன்கூட்டியே அவரே சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்து மாட்டினார். எஞ்சின் ஒரே சாவியில் எழுந்தது. ஆனால் கிளட்ச்சை மிதித்தால் பெடல் உள்ளே போனது போனதுதான். திரும்பி வரவே இல்லை.

"பரவால்லக்கா. ஞாயித்துக்கிழமை ஒரு வண்டிய இட்டுனு வந்து, கயிறு கட்டி இஸ்துனு போயிடறேன். நம்ம மெக்கானிக் பாத்துக்குவான்" என்று சொல்லிவிட்டுப் போனார் தேவராஜ்.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா சுவர் ஓரமாக வந்து நின்றார்.

"தம்பி, ஒண்ணு கேக்கலாமா?"

"சொல்லுங்கக்கா."

"அவரத்தான் நாலு பேரு தூக்கிட்டுப் போனாங்க. இதையும் கயிறு கட்டி இழுத்துட்டுப் போறத என்னால பாத்துட்டு நிக்க முடியாது. இந்த கேட்டத் தாண்டி இது தானாப் போகணும் தம்பி. உங்களால முடியுமா?"

முடியுமா என்று எனக்குத் தெரியாது. முடியும் என்றேன்.

ஞாயிறு விடிந்ததும் ஆரம்பித்தேன். மேல் சிலிண்டரையும் கீழ் சிலிண்டரையும் கழற்றினேன். எண்ணெய் டப்பாவைத் துடைக்கும்போது ஏதோ சரியில்லை என்று பட்டது. வாசனை வேறு மாதிரி இருந்தது. சிலிண்டருக்குள்ளிருந்த ரப்பர்கள் உப்பிப்போயிருந்தன. எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் சுருட்டிக்கொண்டு, ஸ்கூட்டரில் தாம்பரம் பஷீர் பாய் கடைக்குப் போனேன். ஸ்டேஷன் பக்கத்தில் சின்ன ஸ்பேர் பார்ட்ஸ் கடை. ஞாயிறு மதியம் வரை திறந்திருக்கும்.

பாய் ரப்பரை விரலால் நசுக்கினார். முகர்ந்து பார்த்தார். முகம் மாறியது.

"இன்னா சார் இது? எவன் சார் இதுல தையல் மிஷின் எண்ணெய ஊத்துனது? பிரேக் ஆயில் ஊத்தற எடத்துல மிஷின் எண்ணெய ஊத்துனா ரப்பர் ஊறாம இன்னா சார் பண்ணும்? வடையாட்டம் கீது பாருங்க! ஊத்துனவன் கைய ஒடைக்கணும் சார்."

லலிதா அக்கா எங்கள் காலனிப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். சார் வைத்துவிட்டுப் போன பிரேக் ஆயில் டின் தீர்ந்துபோயிருக்கிறது. யாரிடம் கேட்பது? அவர் கையில் இருந்தது மிஷின் எண்ணெய். அதுவும் தண்ணீராட்டம் தெளிவாக, நிறமில்லாமல்தானே இருக்கிறது? குறையும்போதெல்லாம் அதையே ஊற்றியிருக்கிறார்.

அன்றைக்கு அவர் மூடியைத் திருகியபோது சுவருக்கு இந்தப் பக்கம் நின்று 'நல்லதுக்கா' என்று சொன்ன புத்திசாலி நான்தான். நல்ல மனதோடு செய்வதெல்லாம் நல்லபடி முடியும் என்று யார் சொன்னது? ரப்பருக்கு மனது எங்கே தெரிகிறது... எண்ணெய்தான் தெரிகிறது.

"பாய், அப்படிச் சொல்லாதீங்க" என்று நடந்ததைச் சொன்னேன்.

பாய் எழுந்து இரண்டு சிலிண்டருக்கும் ரப்பர் செட் எடுத்துவைத்தார். புது டின் பிரேக் ஆயில் வைத்தார். "ஹோஸ் பைப்பையும் மாத்திடுங்க சார். அதுவும் உள்ளார ஊறிப்போயிருக்கும்" என்று அதையும் எடுத்துவைத்தார். நான் ஸ்கூட்டரை உதைக்கும்போது கடையை விட்டு இறங்கி வந்தார்.

"சார்... அந்தம்மாகிட்ட சொல்லிடாதீங்க. ரப்பருக்கு வயசாயிடுச்சுன்னு சொல்லிடுங்க."

அப்படியே சொன்னேன். ஷெட் வாசலில் காபியோடு நின்ற அக்கா, "எதனால போச்சு தம்பி?" என்று கேட்டபோது, "ரப்பருக்கு வயசாயிடுச்சுக்கா" என்றேன். சிலிண்டரைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"நான் வாராவாரம் பாத்து ஊத்திட்டுதான் வந்தேன்..."

"அதனாலதான்க்கா இவ்வளவு நாளாவது தாங்குச்சு."

அக்கா காபி டம்ளரை என் பக்கத்தில் வைத்தார். பிறகு உள்ளே போனார். நான் புது ரப்பர்களையும் ஹோஸையும் மாட்டி முடித்து நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். காலையில் ஷெட் மாடத்தில் ஒரு சின்ன எண்ணெய் கேன் இருந்தது. மூக்கு நீண்ட கேன், தையல் மிஷினுக்கு விடுவது. இப்போது அது அங்கே இல்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

இனி ஏர் எடுக்க வேண்டும். பெடல் மிதிக்க ஆள் வேண்டும்.

என் மனைவியைக் கூப்பிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். புடவைக் கொசுவத்தை முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டார். இடது காலைப் பெடல் மேல் வைத்தார். எல்லாம் ஒரே அசைவில் நடந்தது.

நான் சாக்கில் படுத்துக் கீழே நகர்ந்தேன். நிப்பிளில் ஒரு பிளாஸ்டிக் டியூபைச் செருகி மறுமுனையைப் பாட்டிலில் விட்டேன்.

"அமுத்துங்கக்கா... அமுத்துங்க... புடிச்சுக்கோங்க."

நிப்பிளைத் திறந்தேன். டியூபில் குபுகுபுவென்று காற்றுக் குமிழிகள். மூடினேன். விடச் சொன்னேன். மறுபடியும் முதலிலிருந்து. மேலே டப்பாவில் எண்ணெய் குறையும்போதெல்லாம் எழுந்துபோய் ஊற்றிவிட்டு வந்தேன். குமிழிகள் சின்னதாகிக்கொண்டே வந்தன. அவர் கால் ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

"புடிச்சுக்கோங்க."

"புடிச்சிருக்கேங்க."

அந்த 'ங்க' எனக்கானது இல்லை. என்னிடம் அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு 'தம்பி'தான். சொல்லி முடித்த அந்த நொடியே அது அவருக்கும் தெரிந்துவிட்டது. மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையை வாய்க்குள் புடவைத் தலைப்பை வைத்து அடைத்தால் வருமே, அந்தச் சத்தம்.

நிப்பிள் திறந்திருந்தது. அந்த நேரத்தில் பெடலிலிருந்து கால் எழுந்தால் காற்று மறுபடி உள்ளே புகுந்துவிடும். காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் வீண். அக்காவுக்கு அது தெரியும். அவ்வளவு அழுகையிலும் அவர் காலை எடுக்கவில்லை. வண்டியின் உடம்பு லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தது... பெடல் அசையவே இல்லை.

நானும் அழுதேன். எண்ணெய் என் மணிக்கட்டில் வழிந்து முழங்கைக்கு வந்தது. வெளியே வந்து ஆறுதல் சொல்லியிருக்க வேண்டுமோ? எனக்குத் தைரியம் வரவில்லை. எங்கள் இருவர் முகமும் மறைந்திருந்தது ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று.

நிப்பிளை மூடினேன். 'விடுங்க' என்று சொல்ல வாய் வரவில்லை. கையிலிருந்த ஸ்பானரால் வண்டியின் அடியில் ஒரு தட்டு தட்டினேன். டங்.

பெடல் மேலே எழுந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் பேசவே இல்லை. எல்லாவற்றுக்கும் ஸ்பானர் தட்டுதான். கடைசியில் டியூபில் ஒரு குமிழிகூட இல்லாமல் எண்ணெய் சீராக வந்தது. அக்கா தானாகவே ஒருமுறை பெடலை மிதித்துப் பார்த்தார். "கெட்டியாயிடுச்சு தம்பி" என்றார். குரல் கம்மியிருந்தது. ஆனால் 'தம்பி' திரும்பி வந்துவிட்டது.

மூன்று மணி வாக்கில் தேவராஜ் வந்தார், கயிறும் கையுமாக. எஞ்சினைப் போட்டுக் கியர் மாற்றிக் காட்டினேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழுந்தது. மனிதருக்கு வாயெல்லாம் பல். இழுக்க வந்த வண்டியை முன்னால் போகச் சொல்லி, கயிற்றைச் சுருட்டிப் பின் சீட்டில் எறிந்துவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

"வரேன்க்கா. நல்லா வச்சுக்கறேன், கவலப்படாதீங்க."

அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

பச்சைக் கார் தானாகவே கேட்டைத் தாண்டியது. அக்கா தெருவுக்கு வந்து நின்றார். பக்கத்தில் நான், எண்ணெய்க் கையோடு. எங்கள் தெரு கேம்ப் ரோட்டில் சேருகிற இடத்தில் சின்ன மேடு ஒன்று உண்டு. புதிதாக ஓட்டுகிறவர்கள் அங்கேதான் எஞ்சினை அணைப்பார்கள். கியரைக் குறைத்துத்தான் ஏற வேண்டும். வண்டி அங்கே தயங்கியது.

தற்செயலாகக் கீழே பார்த்தேன். அக்காவின் இடது கால் செருப்பை விட்டு வெளியே வந்து, தெரு மண்ணில் அழுந்தியிருந்தது. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக, ரொம்ப மெதுவாக மேலே வந்தது.

வண்டி மேடேறித் திரும்பிப் போய்விட்டது.

புது ரப்பர் போட்டதால்தான் கியர் அவ்வளவு சுத்தமாக விழுந்தது என்று பஷீர் பாய் சொல்கிறார். சொல்லட்டும்... அவர் அந்தக் காலைப் பார்க்கவில்லை.