பதினோராம் நம்பருக்குப் பந்து

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது, மன்னார்குடியில் ஒரு கல்லூரியின் ஃபுட்பால் அணி என் அம்மாவின் தலையில் வந்து விழுந்தது. அம்மா அங்கே உடற்கல்வி ஆசிரியை, தற்காலிகப் பணி. மாணவிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் பரிசு வாங்கியவள். ஃபுட்பாலைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அதைக் கையால் தொடக் கூடாது என்பது மட்டும்தான். பையன்களுக்கான சார் மாற்றலாகிப் போய்விட, புது ஆள் வரும்வரை நீங்களே பாருங்கள் என்று முதல்வர் சொல்லிவிட்டார். மூன்று வருடமாக ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காத அணி அது. இந்தத் தடவையும் மண்டலப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றால் கலைத்துவிடுவதாகவும் சொன்னார். கலைத்தால் அவருக்கு ஒன்றும் வருத்தமிருக்காது போலிருக்கிறது என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராகக் கல்லூரி மைதானத்துக்குப் போய்விடுவேன். அணிக்கு என்ன கோளாறு என்பதை அம்மா முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். இவர்கள் ஓடுவதே இல்லை. பந்து கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடிப்பார்கள். அது எங்கே விழுகிறதோ அங்கே எதிரணி ஆள் ஒருவர் நிதானமாக நின்றுகொண்டிருப்பார். ஓட்டம் அம்மாவுக்குத் தெரிந்த விஷயம். மூன்று வாரம் ஓடவிட்டாள். பாமணி ஆற்றங்கரையில் ஓடினார்கள், மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள், விசில் சத்தம் கேட்டதும் எகிறிக் கிளம்பப் பழகினார்கள். இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். அதன்பின் கீழ்வேளூர்ப் பக்கத்திலிருந்து வந்த அணியோடு பழக்கத்துக்கு ஓர் ஆட்டம் ஆடி, நான்கு கோல் வாங்கினார்கள். முன்பெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டு தோற்பார்கள். இப்போது மூச்சு வாங்காமல் தோற்றார்கள்.

அந்தத் தோல்வியில் எனக்குச் சொந்தமாக ஒரு துக்கம் இருந்தது. அப்பாவும் நானும் ஆளுக்கொரு ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்திருந்தோம். யாருடைய ஆள் பந்தை அதிக முறை தொடுகிறாரோ, அவருக்கு மற்றவர் ரோஸ்மில்க் வாங்கித் தர வேண்டும். அப்பா கேப்டனை எடுத்துக்கொண்டார். நான் இடது ஓரத்தில் ஆடும் பதினோராம் நம்பர் அண்ணனை எடுத்துக்கொண்டேன். அணியிலேயே அவர்தான் வேகம். அவர் ஓடி முடித்ததும் அம்மா ஸ்டாப்வாட்சைக் காதில் வைத்து, நின்றுவிட்டதா என்று பார்த்திருக்கிறாள். பந்து மட்டும் அவரிடம் வந்துவிட்டால் யாரும் பிடிக்க முடியாது. வந்தால்தானே. ரஃப் நோட்டில் கோடு போட்டுக்கொண்டே போனேன். கேப்டனுக்கு நாற்பத்தொன்று. என் அண்ணனுக்கு மூன்று. அந்த மூன்றும் எதிரணியிடமிருந்து அவரே பறித்தவை.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் அழுதேவிட்டேன்.

“என் ஆளுக்கு மட்டும் யாருமே பந்து குடுக்க மாட்டேங்கிறாங்கம்மா.”

அம்மா நோட்டை வாங்கிப் பார்த்தாள். முந்தைய நாட்களின் பக்கங்களையும் திருப்பினாள். எல்லாப் பக்கத்திலும் அதே கதைதான். மனசிரங்கி அவளே ரோஸ்மில்க் வாங்கித் தருவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கடையைக்கூடப் பார்க்காமல் நடந்தாள்.

கேப்டனும் இன்னும் நான்கு பேரும் பதினோராம் நம்பர் அண்ணனும் ஒரே ஊர்க்காரர்கள். ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் போவார்கள். இறங்கியதும் ஐந்து பேர் ஊருக்குள் போவார்கள். அவர் மட்டும் வாய்க்காலைத் தாண்டிக் காலனிக்குப் போவார். கேப்டன் வீட்டு வயலில்தான் அவருடைய தாத்தாவும் அப்பாவும் கூலி வேலை பார்த்தவர்கள். அம்மாவுக்கு இது தெரியாததல்ல. மைதானத்துக்குள்ளும் அது வந்து நிற்கிறது என்பதை என் கோணல் கோடுகளில்தான் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் அவள் யாரையும் திட்டவில்லை. கேப்டனையும் பதினோராம் நம்பரையும் கூப்பிட்டு, இருவரும் பந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தபடி இந்தக் கோலிலிருந்து அந்தக் கோல்வரை ஓட வேண்டும் என்றாள். தவறினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மற்றவர்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். கேப்டன் வேண்டுமென்றே எட்டாத தூரத்துக்கு அடித்தார். அம்மா விசில் ஊதி, திரும்ப என்றாள். பதினோராம் நம்பர் அண்ணன் முகத்தில் எதையும் காட்டாமல் ஓடிப்போய்ப் பந்தை எடுத்துவந்து கேப்டனின் காலடியில் வைப்பார். இருபது தடவையாவது இப்படி நடந்திருக்கும். அவர்கள் பஸ் போய்விட்டது.

இரண்டாம் நாள் கேப்டன் அம்மாவிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“ஊர்ல ஒரு மாதிரி பேசுவாங்க மேடம்.”

“பேசட்டும். நீ பந்தைக் குடு.”

மூன்றாம் நாள் காலையில் கேப்டனின் அப்பா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். குறுவை அறுப்பு நேரம். வயலிலிருந்து நேராகப் புல்லட்டில் வந்திருந்தார், சட்டையெல்லாம் நெல் சுணை. மரியாதையாகத்தான் பேசினார். காபி குடித்தார். முதல்வர் தனக்கு ரொம்ப வேண்டியவர் என்பதை இரண்டு தடவை சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

“பையனோட வேற யாரையாவது சேத்து ஓடவிடுங்களேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

“அந்தப் பையன் அளவுக்கு ஓடற ஆள் வேற யாரும் இல்லைங்க” என்றாள் அம்மா. “உங்களுக்குத் தெரிஞ்சு யாராவது இருந்தா சொல்லுங்க, இன்னைக்கே சேத்துக்கறேன்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அம்மா அதைக் கழுவ உள்ளே போனாள். ஒரே ஒரு டம்ளருக்குக் குழாய் அவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரை வீணாக்காதே என்று எனக்குச் சொல்பவள் இப்படிச் செய்கிறாளே என்று நினைத்தேன்.

கேப்டனின் அப்பா போய் மேடத்திடம் சிபாரிசு செய்த கதை மாலைக்குள் அணி முழுக்கப் பரவிவிட்டது. எல்.கே.ஜி. பிள்ளைக்குக்கூட அப்பா இப்படி வருவதில்லை என்று கோல்கீப்பர் அண்ணன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கேப்டனின் முகம் சிவந்துபோனது. ரோஷமோ வேறெதுவோ, பந்தை எடுத்து வைத்து முதல்முறையாக ஒழுங்காக உதைத்தார். அது நேராகப் பதினோராம் நம்பர் அண்ணனின் காலுக்குப் போனது. போன வேகத்தில் கேப்டனுக்கு முன்னால், அவர் எட்டிப் பிடிக்கத் தோதான இடத்துக்குத் திரும்பி வந்தது. மறுபடி போனது, மறுபடி வந்தது. அந்தக் கோல்வரை போய்ச் சேர்ந்துவிட்டார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். கேப்டன் கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்து நின்றார். பிறகு யாரும் சொல்லாமலே, “இன்னொரு தடவை” என்றார்.

முதல்வர் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார். போட்டி முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாராம்.

மண்டலப் போட்டி தஞ்சாவூரில். போன வருடம் எங்களுக்கு ஐந்து கோல் போட்ட அணியோடுதான் முதல் ஆட்டம். அங்கே நின்ற பயிற்சியாளர்களில் அம்மா ஒருத்திதான் பெண். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம், அது எங்கம்மா என்று சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை போலிருந்தது. அதனால் இன்னொரு முறை சொன்னேன்.

ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருந்தபோது இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். கேப்டன் பந்தை எடுத்தார். பழைய பழக்கத்தில் தூக்கி அடிக்கப் போகிறார் என்று பயந்தேன். இடது பக்கம் உருட்டிவிட்டார். பதினோராம் நம்பர் அண்ணன் பந்தை வாங்கிக்கொண்டு கோட்டை ஒட்டியே ஓடினார். ஒருவரைத் தாண்டினார், இன்னொருவரைத் தாண்டினார். மூன்றாமவர் சட்டையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. நான் நோட்டைக் கீழே போட்டுவிட்டேன். அப்பா பெஞ்சு மேல் ஏறி நின்று என் ஆளின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். மூலைக்குப் போனதும் அண்ணன் பந்தை உள்ளே தள்ளினார். மைதானத்தின் முழு நீளமும் ஓடி வந்திருந்த கேப்டன் அதைக் கோலுக்குள் அடித்தார்.

ஜெயித்துவிட்டோம். அம்மா விசிலை வாயில் வைத்திருந்தாள், ஊதத் தோன்றாமல் கடித்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கேப்டன் நேராகப் பதினோராம் நம்பர் அண்ணனிடம் போய் அவரை இறுகக் கட்டிக்கொண்டார். மற்றவர்களும் மேலே வந்து விழுந்தார்கள். நடுவில் என் அண்ணன் மட்டும் இரண்டு கைகளையும் தொங்கவிட்டபடி, அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல நின்றார்.

“பாவம்மா, கையைக்கூடத் தூக்க முடியல அவரால.”

“ஆமாடி” என்றாள் அம்மா. “ரொம்ப தூரம் ஓடி வந்திருக்கான்ல.”

மைதானத்தைக் கண்ணால் ஒருமுறை அளந்து பார்த்தேன். அவர் தினமும் ஓடுகிற தூரம்தான். அன்றைக்கு மட்டும் ஏன் அப்படிக் களைத்துப்போனார் என்று எனக்கு விளங்கவில்லை.