எங்கள் அவசரமும் முதலாளியின் கேமராவும்

உப்பளத்தில் மறைவு என்று ஒன்று கிடையாது. கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி பாத்திகள், அதற்கப்பால் இன்னும் பாத்திகள். மேற்கு வரப்போரம் ஒரே ஒரு வேலிகாத்தான் புதர். அதுவும் இடுப்பளவுதான். ஆனாலும் உப்பு சுமக்கிற நாங்கள் ஏழு பெண்களும் இருபது வருஷமாக அங்கே மானத்தோடுதான் போய்வந்தோம். ஒருத்தி தலைச் சும்மாட்டை வரப்பில் வைத்துவிட்டு மேற்கே நடந்தால், உப்பு வாருகிற ஆண்களெல்லாம் கடல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

போன வருஷம் கேமரா வந்தது. அம்பாரத்திலிருந்து உப்பு மூட்டை குறைகிறது என்று முதலாளிக்குச் சந்தேகம். இரண்டாள் உயரத்துக்குக் கம்பம் நட்டு, சோலார் வைத்து, உச்சியில் வெள்ளையாக ஓர் உருண்டையை மாட்டினார். அது நாலா பக்கமும் தலையைத் திருப்பும். பேசவும் செய்யும். அவர் திண்டிவனத்தில் வீட்டில் உட்கார்ந்து செல்லில் பேசினால், இங்கே கம்பம் எங்களை அதட்டும். முதல் நாள், "அங்க யாரு வெத்தல போடறது?" என்று மேலேயிருந்து குரல் வந்ததும், என் பக்கத்தில் நின்றவள் வாயிலிருந்ததை அப்படியே விழுங்கிவிட்டாள்.

சிரித்து முடித்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. உருண்டை பார்க்கிற இடங்களில் எங்கள் புதரும் ஒன்று. எங்கள் ஆட்கள் திரும்பினால் பார்க்காமல் இருக்கத் திரும்புவார்கள். அந்தச் சனியன் திரும்பினால் பார்க்கத்தான் திரும்பும். நான் தண்ணீர் குடிப்பதையே விட்டேன். பங்குனி வெயில் வேறு. நாலாம் நாள் நீர்க்கடுப்பு வந்து, வலி தாங்காமல் அழுதுவிட்டேன். அந்த ஆத்திரத்தில், உப்பு வாரும் பலகையின் நீளக் கழியால் ஒரு சாக்கைத் தூக்கி உருண்டைக்கு முக்காடு போட்டேன். போய்வந்து எடுத்துவிட்டேன். அப்பாடா என்று இருந்தது. மற்ற பெண்களும் அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள்.

கேமராவை மூடினால் முதலாளியின் செல்லில் மணி அடிக்கும் என்று எங்களுக்கு என்ன ஜோசியமா தெரியும்? இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு பைக்கில் வந்து இறங்கினார். எல்லாரையும் நிற்கவைத்து, நேற்று மட்டும் ஏழு தடவை மூடியிருக்கிறீர்கள், அத்தனை தடவையும் எதைக் கடத்தினீர்கள் என்று கேட்டார்.

ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். பெண்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இருபது வருஷமாக வாய்விட்டுச் சொல்லத் தேவைப்படாத ஒன்றை, அத்தனை பேர் எதிரில் நான் சொன்னேன்.

"ஒண்ணுக்குப் போனோம், முதலாளி. ஏழு பேரு, ஏழு தடவ."

அவர் தலையைச் சொறிந்தார். மனுஷன் கெட்டவர் இல்லை, யோசிக்காதவர், அவ்வளவுதான். அடுத்த வாரமே எங்களுக்கு ஒரு மறைப்பு கட்டிக் கொடுத்தார். நாலு கழி, சுற்றிலும் ஆள் உயரத்துக்கு நீலத் தார்ப்பாய். அங்கேதான் மண் கெட்டியாக இருக்கிறது என்று அதைக் கேமரா கம்பத்தின் அடியிலேயே நட்டார். மேலே கூரை இல்லை. கேட்டதற்கு, காற்று வரட்டுமே என்றார். யானை வாங்கினவன் அங்குசத்துக்கு யோசித்த கதைதான். இனிமேல் சாக்கு போட்டால் வேலை கிடையாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வீட்டிலிருந்து கறுப்புக் குடையை எடுத்துப் போனேன். தார்ப்பாய்க்குள் நுழைந்து, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. தலைக்கு மேலே கரகரவென்று கம்பம் பேசியது.

"எதுக்கும்மா குடை? மழையா பெய்யுது?"

"மழைக்கு இல்லீங்க," என்றேன். "உங்களுக்கு."