பசும்பாலில் விழுங்கிய மாத்திரை

போன வாரம் பெரம்பலூரில் ஒரு டாக்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். நோய் எனக்கில்லை, என் சித்தப்பா மகள் ஆரோக்கியமேரிக்கு. ஆண்டிமடம் பக்கம் டீச்சர் வேலை. முடக்குவாதம். பெயரில் இருக்கும் ஆரோக்கியம் பெயரோடு சரி!

விரல் கணுவெல்லாம் வீங்கி, கை கோணிப்போய்... சாக்பீஸ் பிடிக்க முடியாது. சோற்றைப் பிசைய முடியாது. வீட்டுக்காரர் சூசைதான் ஊட்டிவிடுகிறார். லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது கரும்பலகையில் எழுத முடிந்தால் வேலை உண்டு. முடியாவிட்டால்?

இந்த டாக்டர்தான் போன வருஷம் ஒரு வழி சொன்னார். "இது ஏதோ கிருமியால வர்றதுன்னு சில பேர் நினைக்கிறாங்க. டெட்ராசைக்ளின் கொடுத்துப் பார்ப்போம். மாசக்கணக்கா விடாம சாப்பிடணும். கேரண்டி கிடையாது."

நாங்கள் காதில் வாங்கியது முதல் பாதியை மட்டும்தான். கிருமி செத்தால் கை நிமிர்ந்துவிடும் — அவ்வளவுதானே?

போன வாரம் டாக்டர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். முகம் சரியில்லை.

"மாத்திரையை ஒழுங்காச் சாப்பிட்டாங்களா?"

"ஒரு வேளை விடல சார்," என்றார் சூசை. குரலில் அப்படி ஒரு பெருமை. "காய்ச்சல் மாத்திரையே சூடு. இது மாசக்கணக்கா உள்ள போவுதே, வயித்தப் புண்ணாக்கிடாதா? அதான் ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு டம்ளர் பசும்பால். நானே கறந்து, நானே ஆத்தி வாயில ஊத்தினேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பாலா? பாலோட சேர்ந்தா இந்த மருந்து உடம்புல ஒழுங்கா ஏறாதேய்யா! நான் சொல்லலியா?"

சொல்லவில்லை. வாசலில் அத்தனை கூட்டம். அவருக்கு எங்கே நேரம்? நம்ம பக்கம் இங்கிலீஷ் மருந்து என்றாலே சூடு, சூட்டுக்குப் பால். உங்கள் வீட்டிலும் இதே கதைதானே? சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், படித்த டாக்டருக்கு மட்டும் தெரியவில்லை. யாரைத் திட்டுவது, சொல்லுங்கள்? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஆள் அகப்படவில்லை.

"பால் இல்லாம குடுத்திருந்தா கேட்டிருக்குமா சார்?" சூசை விடவில்லை.

"கேட்டிருக்கலாம்... கேக்காமலும் போயிருக்கலாம். இனிமே தெரிஞ்சுக்க வழியில்ல. மூட்டு உள்ளுக்குள்ள அரிச்சிருச்சு. கோணினது கோணினதுதான்."

பஸ் அரியலூர் தாண்டியது. சூசை என் பக்கம் திரும்பி, "என் கையாலயே கெடுத்துட்டேனே மச்சான்..." என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேரி சொன்னாள். "விடுங்க. எனக்குச் சின்ன வயசுலேருந்தே பாலைக் கண்டா குமட்டும். அண்ணனைக் கேளுங்க. நீங்க ஆசையா ஆத்திக் குடுக்கறீங்களேன்னுதான் மூச்சைப் புடிச்சிக்கிட்டுக் குடிச்சேன்."

அதுவரை அடக்கிக்கொண்டிருந்த மனுஷன், பஸ்ஸில் அத்தனை பேர் முன்னாலும் உடைந்து அழுதார்.